கம்பத்துக்குள் எவ்வளவு மிச்சம்?

மின்கம்பியோ தொலைபேசிக் கம்பியோ தாங்கி நிற்கும் மரக்கம்பத்தைச் சோதிக்க வருபவர் கையில் இன்றும் முதலில் இருப்பது சுத்தியல்தான். கம்பத்தில் ஏறும் முன் அதை எப்படித் தட்டிப் பார்ப்பது என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளின் பின்னிணைப்பு ஒன்று பொறுமையாகச் சொல்லித்தருகிறது. சுமார் 1.4 கிலோ எடையுள்ள சுத்தியல். தரையோரம் தொடங்கி, கம்பத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே ஏறக்குறைய 6 அடி உயரம் வரை போக வேண்டும். நல்ல மரம் என்றால் ஓசை தெளிவாக வரும், சுத்தியல் துள்ளித் திரும்பும். உள்ளே இற்றிருந்தால் ஓசை மங்கிப்போகும், சுத்தியலும் வேண்டாவெறுப்பாகத் திரும்பும். அப்புறம் 5 அங்குலமாவது அலகு நீளமுள்ள ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரையோரமாகக் குத்திப் பார்க்க வேண்டும். உயிர் போகிற வேலைக்கு இவ்வளவுதான் சோதனையா என்று தோன்றலாம். ஆனால் இது மோசமான சோதனை இல்லை.

நான் அதிர்வையும் ஒலியையும் அளந்து பிழைப்பவன். இரும்பும் கான்கிரீட்டும் அளந்து பழகிய கைக்கு மரம் ஒரு தொல்லை. இரும்பில் ஒலி எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒரே வேகம். மரத்தில் நெடுக்காகப் போனால் விநாடிக்கு 4,000, 5,000 மீட்டர் என்று பறக்கும். அதே மரத்தில் குறுக்காகப் போனால் 1,000 முதல் 2,000-க்குள் தள்ளாடும். குறுக்கிலும் ஆண்டு வளையங்களுக்குச் செங்குத்தாகப் போனால் ஒரு வேகம், வளையத்தை ஒட்டிப் போனால் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே சாய்வாகப் போனால் எல்லாவற்றையும்விட மெதுவு. இப்படிப்பட்ட பொருளுக்குள் ஒளிந்திருக்கும் அழுகலை ஒலியை அனுப்பிக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும்போது, எதைக் கண்டுபிடிக்கிறோம், எதைத் தவறவிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கருவி விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

சரி, முதலில் மரம் ஏன் உள்ளே இற்றுப்போகிறது? வெளியே மழை, வெயில், மண் எல்லாம் படுவது மேல்பரப்பில்தானே?

கம்பத்துக்கு மருந்தேற்றுவதில் இருக்கிறது விடை. அழுத்தத் தொட்டியில் அடைத்து மரத்துக்குள் கிரியோசோட் எண்ணெயைச் செலுத்தும் முறைக்கு 1838-இல் ஜான் பெத்தெல் காப்புரிமை பெற்றார். சுமார் நூறு வருடம் கழித்து, 1933-இல், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசன் என்பவர் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் கலந்து செய்த உப்புக் கரைசல் உலகம் முழுக்கப் போனது. பச்சை சாயலோடு நிற்கும் கம்பங்கள் அந்த வழி வந்தவைதான். மருந்து எதுவானாலும் ஒரு சிக்கல் பொது. வெளிப்புறத்து மென்மரம் அதைக் குடித்துக்கொள்ளும், நடுவிலிருக்கும் வைரப் பகுதி உள்ளே விடாது. ஆக, ஒவ்வொரு கம்பமும் மருந்தேறிய ஓடும் மருந்தேறாத நடுவுமாக நிற்கிறது. மரம் காயக் காய நெடுக வெடிப்பு விடும். வெடிப்பு ஓட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் மழைநீருக்கும் பூஞ்சை வித்துக்கும் கதவு திறந்த மாதிரி.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் காற்றும் மிதமான சூடும். கம்பத்தின் மேல்பகுதி காய்ந்து கிடக்கும். மண்ணுக்குள் ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று போதாது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது தரைமட்டத்திலும் அதற்குக் கீழே ஓரிரு அடியிலும். காற்றடித்துக் கம்பம் வளையும்போது விசை அதிகம் வந்து விழுவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். வேறு எங்கே இற்றாலும் பரவாயில்லை, இங்கே இற்றால் போச்சு.

பழுப்பு அழுகல் என்று ஒருவகை உண்டு. மரத்துக்கு நாராக இருக்கும் செல்லுலோஸையும் அதன் கூட்டாளிகளையும் தின்றுவிட்டு, நாரை இறுக்கிப் பிடிக்கும் பசையான லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். கடைசியில் கட்டம் கட்டமாக வெடித்த பழுப்புத் தூள்தான் மிஞ்சும். இதன் கொடுமை, எடை குறைவது தெரியும் முன்பே வலு போய்விடும். மரம் தன் எடையில் 5 முதல் 10 சதவீதம்தான் இழந்திருக்கும், வலுவில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் மரம் மாதிரியேதான் இருக்கும்.

ஒலி இங்கேதான் கை கொடுக்கிறது. பொருளின் விறைப்பை அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஒலியின் வேகம் கிடைக்கும். அடர்த்தி 10 சதவீதம் குறைந்து விறைப்பு பாதியாகிவிட்ட மரத்தை எடுத்துக்கொள்வோம். 0.5-ஐ 0.9-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.75. ஒலி கால் பங்கு வேகம் இழந்துவிட்டது. கடக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அமெரிக்க வனத்துறைக்கு மாடிசன் நகரில் 1910 முதல் ஒரு மரப்பொருள் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மரத்தைச் சிதைக்காமல் சோதிப்பது பற்றிய முதல் கருத்தரங்கு 1963-இல் நடந்ததும் அதே ஊரில்தான். கடக்கும் நேரம் 30 சதவீதம் கூடினால் வலு பாதி போனதாகக் கொள், 50 சதவீதம் கூடினால் மரம் மிக மோசம் என்று கொள் என்பது அங்கே வளர்ந்த ஆய்வுகளிலிருந்து களத்துக்கு வந்த கைக்கணக்கு. மேலே நாம் போட்ட கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

களத்தில் இது எப்படி இருக்கும்? முனையில் ஆணி வைத்த இரண்டு சென்சார்கள். ஒன்றைக் கம்பத்தின் இந்தப் பக்கமும் மற்றதை நேர் எதிர்ப் பக்கமும் அடித்து இறக்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில், கம்பத்தின் நடுவைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துச் சென்சாரின் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அலை எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் நிற்கும். திரையில் மைக்ரோ விநாடியில் ஓர் எண். முதல் ஓரிரு தட்டுகளில் வரும் எண்ணை நான் எழுதுவதே இல்லை. ஆணி இன்னும் மரத்தில் உட்கார்ந்திருக்காது, எண் தாறுமாறாக வரும். 231, 214, 203 என்று இறங்கி, பிறகு 201, 200, 201 என்று ஒரே இடத்தில் நிற்கும். அந்த நின்ற எண்தான் கணக்கு. 30 செ.மீ. விட்டமுள்ள நல்ல கம்பம், விநாடிக்கு 1,500 மீட்டர் வேகம் என்றால் 200 மைக்ரோ விநாடி. நாம் ஒரு தடவை கண்ணிமைப்பதற்குள் அந்த அலை 500 தடவையாவது குறுக்கே போய்விடும்.

இனி நடுவில் பொந்து விழுந்திருக்கிறது என்று வைப்போம். ஒலி பொந்துக்குள் குதித்துப் போகாது, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகும். பாதை நீளும், நேரம் கூடும். படிக்கும் எல்லோருக்கும் இது புரிந்துவிடும். எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 30 செ.மீ. கம்பத்தின் நடுவில் 15 செ.மீ. பொந்து, அதாவது விட்டத்தில் சரிபாதி. சுற்றிப் போகும் மிகக் குறுகிய பாதை 34 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. நேர்ப்பாதையைவிட 13 சதவீதம் மட்டும் கூடுதல். 200 வர வேண்டிய இடத்தில் 225 வரும். கம்பத்துக்குள் கையை விட்டுத் துழாவும் அளவு ஓட்டை, திரையில் அதற்குக் கிடைப்பது 25 மைக்ரோ விநாடி!

பதற வேண்டாம். அந்த ஓட்டையால் கம்பம் இழக்கும் வலுவும் அற்பம்தான். வளைக்கும் விசையைத் தாங்குவது பெரும்பாலும் வெளிப்புறத்து மரம். நடு மரத்துக்கு அதில் வேலை குறைவு. எலும்பும் நாணலும் உள்ளே கூடாக இருந்துகொண்டு ஏன் அவ்வளவு உறுதியாக இருக்கின்றன என்று 1638-இலேயே கலிலியோ எழுதிவிட்டார். வட்டக் கம்பத்தின் நடுவில் வட்டப் பொந்து இருந்தால் போகும் வலு, பொந்து விட்டத்துக்கும் கம்ப விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் நான்காம் அடுக்கு. பாதி விட்டப் பொந்து என்றால் பதினாறில் ஒரு பங்கு, 6 சதவீதம் சொச்சம். அவ்வளவே!

அமெரிக்காவின் தேசிய மின் பாதுகாப்பு விதித்தொகுப்பில், நடும்போது தேவைப்பட்ட வலுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கிவிட்ட கம்பத்தை மாற்று அல்லது முட்டுக்கொடு என்று இருக்கிறது. பொந்தால் மட்டும் அந்த எல்லையைத் தொட வேண்டுமானால் பொந்து எவ்வளவு பெரிதாக வேண்டும்? விட்டத்தில் 76 சதவீதம். நம் 30 செ.மீ. கம்பத்தில் கிட்டத்தட்ட 23 செ.மீ. குகை. ஓடு வெறும் மூன்றரை செ.மீ. சொச்சம். நடைமுறையில் யாரும் அவ்வளவு தூரம் விடுவதில்லை. பொந்து நட்டநடுவில் சீராக இருக்கும் என்று யார் கண்டது? அதனால் ஓடு 5 செ.மீ.க்குக் கீழே போனாலே கையைத் தூக்கிவிடுவார்கள். அந்த 23 செ.மீ. குகையைச் சுற்றி ஒலி போகும் பாதை 39 செ.மீ., நேரம் 260 மைக்ரோ விநாடி. கைக்கணக்கு சொன்ன அதே 30 சதவீதம். நிஜத்தில் பொந்தின் விளிம்பு இற்று மெத்தென்றிருக்கும், சுற்றுப்பாதையில் வளையத்துக்குச் சாய்வாகப் போகும் பகுதியும் வரும், ஆகவே எண் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். சின்னப் பொந்தைக் கண்டுகொள்ளாமல் பெரிய பொந்துக்கு மட்டும் குரல் கொடுக்கும் கருவி என்றால் நல்லதுதானே என்று இந்த இடத்தில் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

இனி மறுபக்கம். அழுகல் வெளியிலிருந்து வருகிறது என்று வைப்போம். மென் அழுகல் என்ற வகை அப்படித்தான் வரும். மண்ணுக்குக் கீழே மேல்தோலிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்லத் தின்னும். கம்பத்தின் வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. மூன்றில் ஒரு பங்கு வலுப்போக விட்டம் 12.6 சதவீதம் குறைந்தால் போதும். 30 செ.மீ. கம்பத்தில் அது சுற்றிலும் 1.9 செ.மீ. இரண்டு செ.மீ. கூட இல்லை! உள்ளே 23 செ.மீ. குகை குடைந்தால் என்ன சேதமோ, வெளியே ஒரு விரற்கடை மரம் இற்றால் அதே சேதம்.

இந்த 1.9 செ.மீ. அடுக்கை ஒலி எப்படிப் பார்க்கும்? இற்ற அடுக்கில் வேகம் பாதி என்று கொள்வோம். இந்தப் பக்கம் 1.9, அந்தப் பக்கம் 1.9, நடுவில் நல்ல மரம் 26.2 செ.மீ. கூட்டினால் 225 மைக்ரோ விநாடி.

அதே 225! வலுவில் 6 சதவீதம் மட்டும் போன பாதிப் பொந்துக் கம்பமும் 225, மூன்றில் ஒரு பங்கு போய் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட கம்பமும் 225. இன்னும் மோசம் என்னவென்றால், சென்சாரின் ஆணி அந்த மெத்தென்ற அடுக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே நல்ல மரத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் 225 கூட வராது. 175-க்குப் பக்கத்தில் வரும், ‘அருமையான கம்பம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். ஒலி நன்றாகப் பார்க்கும் இடம் கம்பத்தின் நடு. கம்பம் பிழைத்து நிற்பது விளிம்பால். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மண்வெட்டி இல்லாமல் ஒலிக்கருவியை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கம்பத்தைச் சுற்றி ஒன்றரை அடி ஆழம் தோண்டி, இற்ற தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய நல்ல மரத்தின் சுற்றளவை நாடாவால் அளப்பதில் எந்த நுட்பமும் கிடையாது. கம்பத்தின் வலுவைப் பற்றி அந்த நாடா சொல்லும் செய்திக்கு ஈடாக எந்தத் திரையும் சொல்வதில்லை.

அப்படியானால் ஒலி எதற்கு? உள்ளே நடப்பது நாடாவுக்குத் தெரியாதே. ஆகவே இரண்டும் வேண்டும். ஒலியைச் சரியாகக் கேட்கவும் தெரிய வேண்டும்.

முதலாவது, தனி எண்ணுக்கு மதிப்பில்லை. 200 நல்லது, 260 கெட்டது என்பதெல்லாம் நான் மேலே வசதிக்குப் போட்ட கணக்கு. மர இனம் மாறினால் எண் மாறும், ஒரே இனத்திலும் மரத்துக்கு மரம் மாறும். அதனால் அதே கம்பத்தில் மார்பு உயரத்தில், நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு தடவை அளந்துகொண்டு, தரைமட்டத்து எண்ணை அதோடு ஒப்பிட வேண்டும். கம்பமே தனக்கு அளவுகோல். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஈரம் ஏறினால் மரத்தில் ஒலி மெதுவாகும். தரையோரம் எப்போதும் மேலே இருப்பதைவிட ஈரம் கூட. கீழே எண் கொஞ்சம் கூடியிருந்தால் அது அழுகலா, வெறும் ஈரமா என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். மழை பெய்த மறுநாள் அளப்பதை நான் தவிர்ப்பது அதனால்தான். உறைபனிக் காலத்தில் நேர்மாறு. மரத்துக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியானால் விறைப்பு கூடி ஒலி வேகமெடுக்கும், இற்ற கம்பமும் நல்ல பிள்ளை மாதிரி எண் காட்டும்.

இரண்டாவது, வெடிப்பு. அழுகாத கம்பத்தில் உலர்ந்த வெடிப்பு ஒன்று நடுவரை போயிருந்தால் அதுவே கருவியின் கண்ணில் மண்ணைத் தூவிவிடும். வெடிப்பைக் குறுக்கே கடக்க வேண்டிய அலை சுற்றிக்கொண்டு போகும், எண் எகிறும். வெடிப்பின் போக்கிலேயே போகும் அலைக்கு ஒன்றும் ஆகாது. அழுகலோ எந்தத் திசையில் அனுப்பினாலும் தாமதப்படுத்தும். ஆகவே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு திசையிலாவது அளக்க வேண்டும். ஒன்று கெட்டு, ஒன்று நன்றாக வந்தால் வெடிப்பைச் சந்தேகி. இரண்டுமே கெட்டால் துளைப்பானை எடு.

பலதிசையில் அளக்கும் யோசனையை நீட்டிக்கொண்டே போனால் வருவது ஒலி வெட்டுப்படம். கம்பத்தைச் சுற்றி எட்டோ பன்னிரண்டோ சென்சார்கள். எட்டு என்றால் 28 பாதைகள், பன்னிரண்டு என்றால் 66. ஒவ்வொரு சென்சாராகத் தட்ட, எல்லாப் பாதைகளின் நேரத்தையும் சேர்த்துக் கணினி ஒரு வண்ணப்படம் வரையும். ஜெர்மனியிலும் ஹங்கேரியிலும் செய்யப்படும் இந்தக் கருவிகள் பூங்கா மரங்களைச் சோதிப்பவர்களிடம் நிறைய இருக்கின்றன. படம் அழகாக வரும். அந்த அழகுதான் எனக்குப் பயம். வெடிப்பு ஒன்று படத்தில் கொழுத்த பொந்தாக விரிந்து நிற்கும், பார்ப்பவருக்கோ கம்பத்தை அறுத்துப் பார்த்த நிச்சயம் வந்துவிடும். படத்தைப் பார்க்கும் முன் நான் பாதை நேரங்களின் அட்டவணையைக் கேட்பேன். சலிப்பான வேலை, ஆனால் எந்தச் சென்சார் சரியாக உட்காரவில்லை என்பது அட்டவணையில் அப்பட்டமாகத் தெரியும், வண்ணத்தில் கரைந்துபோகும்.

அதிர்வெண் பற்றி ஒரு வார்த்தை. சுத்தியல் தட்டில் பிறக்கும் அலை சில ஆயிரம் ஹெர்ட்ஸ். 5,000 ஹெர்ட்ஸ் என்றால் குறுக்கு வேகத்தில் அலைநீளமே 30 செ.மீ., கம்பத்தின் விட்டம் அவ்வளவுதான். சின்னச் சின்ன அழுகல் பைகளை அது பொருட்படுத்தாது. 50,000 ஹெர்ட்ஸ் மீயொலி என்றால் அலைநீளம் 3 செ.மீ., பார்வை கூர்மையாகும். ஆனால் மரம் அதை வேகமாக விழுங்கிவிடும், இற்ற மரம் இன்னும் வேகமாக. நேரத்தைவிட எவ்வளவு சத்தம் மறுபக்கம் வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்தால் ஆரம்ப நிலை அழுகலுக்குத் துப்பு கிடைக்கும். சென்சார் மரத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்பதும் அந்தச் சத்தத்தை மாற்றிவிடுவதால் களத்தில் இது எளிதில்லை.

ஒலி சந்தேகப்பட்ட கம்பத்தைக் கடைசியில் துளைத்துத்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். 3 மி.மீ. தலை கொண்ட மெல்லிய ஊசியைச் சுழற்றி இறக்கி, அதற்கு மரம் கொடுக்கும் எதிர்ப்பை வரைகோடாக எடுக்கும் கருவி உண்டு. ஓட்டின் கனத்தைக் கோட்டிலிருந்தே படித்துவிடலாம். சாதாரணத் துளைப்பானால் துளைத்தால் மருந்தூறிய மரக்கட்டையால் துளையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே பூஞ்சைக்கு வழி வெட்டிக் கொடுத்த கதையாகும். ஓடு கனமாக இருந்தால் அந்தத் துளை வழியாகவே போரான் குச்சிகளை உள்ளே போட்டு அழுகலை நிறுத்தப் பார்ப்பார்கள்.

இப்போது சுத்தியல் தட்டும் ஓசையைக் கைபேசியில் பதிந்து, இயந்திரக் கற்றலிடம் கொடுத்து, நல்லது கெட்டது பிரித்துவிடலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஓசையில் செய்தி இருக்கிறது, சந்தேகமில்லை. கெட்டியான மரத்தில் சுத்தியல் சட்டென்று பட்டு விலகும், கீச்சு ஓசை நிறைய வரும். இற்ற மரத்தில் தொடும் நேரம் நீளும், கீச்சு செத்துப்போகும். காதுக்குத் தெரிவதைக் கணினிக்கும் கற்றுக்கொடுக்கலாம். எனக்கு இருக்கும் தகராறு பாடப்புத்தகத்தோடு. எந்த ஓசை எந்த உள்நிலைக்கு உரியது என்று கணினிக்குச் சொல்ல, கம்பத்தைத் தரைமட்டத்தில் அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை, பழுது என்று கழற்றிய கம்பங்களைத்தான் அறுத்துப் பார்க்கிறார்கள். சாலையை அகலப்படுத்தவோ தடத்தை மாற்றவோ கழற்றும் கம்பங்கள், ‘நல்லது’ என்று சீட்டு வாங்கியவை, நேரே பழைய மரக் குவியலுக்குப் போய்விடுகின்றன. நல்லது என்று சொன்னதில் எத்தனை தப்பு என்பது அந்தக் குவியலில்தான் கிடக்கிறது. அவற்றைக் கழற்றும் முன் ஒரு தடவை தட்டிப் பதிந்துகொண்டு, கழற்றியதும் அடியில் ஒரு வில்லை அறுத்து, மைக்ரோ விநாடி எண்ணை அதன் மேலேயே எழுதிப் படமெடுத்து வைத்தால் போதும். சங்கிலி ரம்பம் அந்த வண்டியிலேயே இருக்கிறது.